தளத்தின் முகவரி அமைப்பு: தமிழிலா, ஆங்கில எழுத்திலா, வெறும் எண்ணா?

#1 அம்மிக்கல்

எல்லோருக்கும் வணக்கம். 2011இலிருந்து பிளாக்கரில் சமையல் குறிப்பு எழுதி வருகிறேன். அறுநூறு பதிவுக்கு மேல் இருக்கும். சொந்த டொமைன் வாங்கி அதைப் பிளாக்கரோடு இணைத்தும் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது அதே டொமைனில் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாறப் போகிறேன். வேலையைச் செய்து தரும் தம்பி ஆரம்பத்திலேயே ஒரு கேள்வியைப் போட்டு நிறுத்திவிட்டார்: "அக்கா, பர்மாலிங்க் எப்படி வைக்கணும்?" அதாவது ஒவ்வொரு பதிவின் நிலையான முகவரி.

பழைய பதிவுகளின் முகவரியைப் பார்த்தால் எது எந்தச் சமையல் என்று எனக்கே தெரியாது. வருடம், மாதம், அப்புறம் 'பிளாக்-போஸ்ட்', 'பிளாக்-போஸ்ட்_14', 'பிளாக்-போஸ்ட்_22'. ரசமும் அப்படித்தான், ரவா லட்டும் அப்படித்தான்.

இனி எப்படி வைப்பது? தமிழிலேயே வைக்கலாமா, ஆங்கில எழுத்திலா? சைவம், அசைவம், பலகாரம் என்று வகையையும் சேர்க்க வேண்டுமா? தேதி இருக்கட்டுமா? கூகுளில் மேலே வருவதற்கு எது நல்லது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் வாசகர்களில் பாதிப்பேர் வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய சுட்டியைத் தொட்டு வருகிறவர்கள். அவர்களையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 தட்டச்சன்

தமிழ்த் தளம், தமிழ் வாசகர்கள். தமிழில்தான் வைக்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூகுளே தன் வழிகாட்டுதலில் வாசகரின் மொழிச் சொற்களை முகவரியில் வைக்கச் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியா தலைப்பு முழுவதையும் தமிழில்தான் முகவரியாக வைத்திருக்கிறது.

'பிளாக்-போஸ்ட்' என்று வருவது பிளாக்கரின் குறை. தலைப்பில் ஆங்கில எழுத்தே இல்லை என்றால் அதற்கு முகவரி செய்யத் தெரியாது. 2012இல் நாமே முகவரி எழுதிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தார்கள், அதிலும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர எதையும் எடுக்காது. வேர்ட்பிரஸில் அந்தத் தொல்லை இல்லை அக்கா. தலைப்பைத் தமிழில் போட்டால் ஸ்லக்கும் (முகவரியின் கடைசியில் வரும் பதிவுப்பெயர்) தமிழில் வந்துவிடும்.

#3 வழிப்போக்கன்

தட்டச்சன் சொல்வது சரி, ஆனால் வேர்ட்பிரஸில் வேறு தொல்லை இருக்கிறது. யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, நூறு பதிவு போட்ட பிறகுதான் கண்ணில் படும்.

முகவரியின் பாதைப் பகுதியில் தமிழ் எழுத்து அப்படியே பயணிப்பதில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் அதன் பின்னால் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்துதான். கணினிக்குள் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. முகவரியில் அது 45 இடத்தைப் பிடிக்கும்.

வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் ஸ்லக்குக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். சேமிப்பதும் இந்த % வடிவத்தில்தான். 200ஐ 9ஆல் வகுத்தால் 22. அதாவது கொக்கி, புள்ளி எல்லாம் சேர்த்து 22 குறியீடு தாண்டினால் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்று பார்ப்போம். 'செட்டிநாட்டு மிளகு கோழி வறுவல்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். 'செட்டிநாட்டு' மட்டும் 12 குறியீடு, 108 இடம். 'மிளகு' 5, 45 இடம். 'கோழி' 4, 36 இடம். நடுவில் இரண்டு சிறுகோடு. இதுவரை 191. அடுத்த இடைவெளிக்கு ஒன்று போனால் 192. 'வறுவல்' வருவதற்கு முதல் எழுத்துக்கே 9 வேண்டும், 201 ஆகிவிடும், கதவு மூடிவிட்டது. உங்கள் முகவரி இது:

/செட்டிநாட்டு-மிளகு-கோழி/

சரி, பரவாயில்லை என்று விடுகிறீர்கள். அடுத்த வாரம் 'செட்டிநாட்டு மிளகு கோழி குழம்பு' எழுதுகிறீர்கள். அதுவும் அதே இடத்தில் வெட்டுப்படும். ஏற்கெனவே அந்தப் பெயர் இருப்பதால் வேர்ட்பிரஸ் பின்னால் ஒரு எண்ணை ஒட்டும்:

/செட்டிநாட்டு-மிளகு-கோழி-2/

எது வறுவல், எது குழம்பு? சில தலைப்புகளில் வெட்டு ஒரு எழுத்தின் நடுவில் விழும். கொக்கி அந்தப் பக்கம், எழுத்து இந்தப் பக்கம். 'பிளாக்-போஸ்ட்_14'இலிருந்து தப்பித்து இங்கே வந்து மாட்டிக்கொள்வீர்கள்.

#4 அம்மிக்கல்

தம்பி சோதனைக்காகப் போட்டு வைத்திருந்த தளத்தில் இதையே செய்து பார்த்தேன். நீங்கள் எழுதியது போலவே '-2' வந்தது! தம்பிக்கும் இது புதுச் செய்தி.

#5 நெல்லைக்காரன்

அப்போ பேசாமல் ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

#6 தட்டச்சன்

ஒரு மென்பொருளின் 200 இட வரம்புக்காகத் தமிழை விடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தலைப்பு முழுவதும் முகவரியில் வரவேண்டும் என்று யார் சொன்னது? தலைப்பு 'செட்டிநாட்டு மிளகு கோழி வறுவல்' என்றே இருக்கட்டும். ஸ்லக் பெட்டியில் 'மிளகு-கோழி-வறுவல்' என்று கைப்படச் சுருக்கி எழுதினால் எல்லாம் அடங்கிவிடும். 22 குறியீட்டுக்குள் இரண்டு மூன்று சொல் தாராளமாக நிற்கும். சுருக்கி எழுதுவது எந்த மொழியானாலும் செய்ய வேண்டிய வேலைதான்.

ஆங்கில எழுத்து என்றால் எந்த எழுத்துக்கூட்டல்? கோழியின் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். குழம்புக்கு நான்கு விதமாக எழுதுகிறார்கள். அறுநூறு பதிவில் ஒரே மாதிரி எழுதிவிடுவீர்களா அக்கா?

#7 வடமராட்சி

நான் பருத்தித்துறைப் பக்கம். ஊரில் ஒரு சிறிய செய்தித்தளத்தின் தொழில்நுட்ப வேலையைப் பார்க்கிறேன். எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது, நாங்கள் எண்ணுக்குப் போனோம். பதிவின் எண் மட்டும்தான் முகவரி. சின்னது, யாருக்கும் தொலைபேசியில் சொல்லலாம், தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தினாலும் முகவரி மாறாது.

அச்சில் போடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. எங்கள் துண்டுப்பிரசுரங்களில் கியூஆர் குறி அடிப்போம். முகவரி எவ்வளவு நீளமோ அவ்வளவு கட்டம் கூடும். 30 எழுத்து முகவரி 25க்கு 25 கட்டத்துக்குள் அடங்கிவிடும். 220 எழுத்து முகவரி என்றால், பிழைதிருத்த அளவைக் குறைத்து வைத்தாலும் 53க்கு 53 ஆகிவிடும். அதைச் சின்னதாக அச்சடித்தால் பழைய கைபேசிகள் எடுக்காது.

நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைப் பாருங்கோ. கேள்வியின் எண்தான் வேலை செய்கிறது, அதன் பின்னால் வரும் தலைப்புச் சொற்கள் வாசிக்கிறவருக்காக. அந்தச் சொற்களைத் தப்பாக எழுதினாலும் எண்ணை வைத்துச் சரியான பக்கத்துக்கே கூட்டிப் போகும்.

#8 நெல்லைக்காரன்

எண் செய்திக்குச் சரி அண்ணே. சமையலுக்கு? எங்க அம்மாவிடம் '4187 நல்லாயிருந்துது' என்று சொல்ல முடியுமா?

#9 வடமராட்சி

அதுவும் சரிதான். ஆனால் தம்பி, வேர்ட்பிரஸில் நீங்கள் எந்த அமைப்பை வைத்தாலும் எண் முகவரி உள்ளே எப்போதும் உயிரோடுதான் இருக்கும். முகப்பு முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி, 'பி', சமக்குறி, பதிவெண் போட்டால் அதுவே அழகான முகவரிக்குத் திருப்பிவிடும். மசாலாப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமென்றால் அதை அடிக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் பாருங்கோ, நீள முகவரி ஒரு பக்கம் இருக்க, பகிர்வதற்கென்றே குறுந்தொடுப்பு வைத்தார்கள். தமிழ் முகவரி நல்லது என்று சொல்கிறவர்களே அதைச் சுருக்கவும் வழி தேடினார்கள் என்பதைக் கவனிக்க வேணும்.

#10 கோபுரவாசல்

தாமதமாக வருகிறேன். நான் கோயில்கள் பற்றி எழுதுகிறேன், முகவரிகள் தமிழில்தான். தட்டச்சன் பக்கம்தான் நானும். ஆனால் ஒரு கண்ணிவெடியைச் சொல்லிவிடுகிறேன்.

'ஸ்ரீரங்கம்' என்று எழுதுகிறோம். அந்த முதல் எழுத்தை இரண்டு விதமாகத் தட்டலாம். ஒன்று ஸகரத்தில் ஆரம்பிப்பது. இன்னொன்று, எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு தரத்தின் 4.1 பதிப்பில் 2005ஆம் ஆண்டு சேர்த்த ஶகரத்தில் ஆரம்பிப்பது. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. முகவரியில் இரண்டும் வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் தட்டியவருக்குப் பக்கம் திறக்கும், இன்னொன்றில் தட்டியவருக்கு 404, அதாவது 'பக்கம் இல்லை'.

ஔவையாருக்கும் இதே கதி. ஔ என்பது தனிக் குறியீடு. பலர் ஒ, ள என்று இரண்டாகத் தட்டுகிறார்கள். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒகரக் கொம்பும் காலும் சேர்ந்த 'கொ', 'கோ' போன்றவற்றையும் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாகவும் எழுதலாம். இந்த மூன்றாவதை யூனிகோடு சீராக்கம் என்ற முறை சரிசெய்துவிடும். ஸ்ரீயையும் இரண்டாய்ப் பிரிந்த ஔவையும் அது தொடாது.

யாரும் முகவரியைக் கையால் தட்டமாட்டார்கள், வெட்டி ஒட்டுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாமே பழைய பதிவுக்குச் சுட்டி கொடுக்கும்போது நினைவிலிருந்து தட்டுகிறோமே, அங்கேதான் உடைகிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒட்டிய தலைப்பென்றால் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

#11 தட்டச்சன்

ஸ்ரீ விஷயம் எனக்கே தெரியாது. குறித்துக்கொண்டேன்.

#12 அம்மிக்கல்

ஒரு சின்னப் பரீட்சை செய்தேன். சோதனைத் தளத்தில் ஒரே அதிரசக் குறிப்பை இரண்டு முகவரியில் வைத்து, இரண்டு சுட்டியையும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். கைபேசி உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழ் அழகாகத்தான் தெரிந்தது. நகலெடுத்து ஒட்டியதும் % குறியும் எண்ணுமாக நான்கு வரிக்கு நீண்டது. சித்தி உடனே எழுதினார்: "இது என்னடி, ஹேக் பண்ற லிங்க் மாதிரி இருக்கு? நான் தொடலை." மாமா ஒருவர் அதை அழித்துவிடச் சொன்னார். ஆங்கில எழுத்தில் இருந்ததை எல்லோரும் திறந்தார்கள்.

வங்கி பேரில் வரும் மோசடிச் சுட்டிகளைத் தொடாதீர்கள் என்று வருடக்கணக்காக நாங்களேதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் பயப்படுவதில் தப்பு சொல்ல முடியவில்லை.

#13 தட்டச்சன்

அது நகலெடுக்கும் முறையில் உள்ள சிக்கல். கணினியில் குரோமில் முகவரியின் முன்பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் தேர்ந்து நகலெடுத்தால் தமிழ் அப்படியே வரும். ஃபயர்ஃபாக்ஸில் அதற்கு ஒரு அமைப்பே இருக்கிறது.

#14 வழிப்போக்கன்

சித்திக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது யார்? அப்படியே தமிழாக ஒட்டினாலும் சில செயலிகள் புள்ளி அல்லது கொக்கி வந்த இடத்தோடு சுட்டி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பாதிச் சுட்டி நீலமாகவும் மீதி கறுப்பாகவும் நிற்கும். தொட்டால் 404.

சரி, எல்லோரும் வாசகர் பக்கத்தைப் பேசியாகிவிட்டது. அம்மிக்கல் முதலில் கேட்ட கூகுள் கதைக்கு வருகிறேன். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முகவரியில் தேடுசொல் இருப்பதால் கிடைக்கும் பலன் மிகமிகச் சின்னது, அதற்காக முகவரியை மாற்ற வேண்டாம் என்று கூகுளின் ஜான் முல்லர் பல வருடமாகச் சொல்லிவருகிறார். தமிழோ ஆங்கில எழுத்தோ, கூகுளுக்கு இரண்டுமே புரியும். பக்கத்தின் தலைப்பும் உள்ளே எழுதியிருப்பதும்தான் பேசும். தேடுகிறவர் கண்ணில் முகவரி படுவதும் குறைந்துகொண்டே வருகிறது. 2015இல் கைபேசித் தேடலில் முழு முகவரிக்குப் பதிலாகத் தளப்பெயரும் பிரிவுகளும் காட்டும் வழித்தடம் வந்தது. 2025 ஜனவரியில் கைபேசியில் அந்த வழித்தடத்தையும் எடுத்துவிட்டார்கள், இப்போது டொமைன் மட்டும்தான். கணினியில் இன்னும் இருக்கிறது.

சின்ன விதிகள் சில உண்டு, அவற்றில் விவாதம் இல்லை. சொற்களுக்கு நடுவே சிறுகோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும், பாதைப் பகுதியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு முகவரி. கடைசியில் சாய்கோடு உண்டா இல்லையா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரி தவிர்க்க முடியாமல் வந்தால் எது மூலமுகவரி என்று கெனானிக்கல் குறியில் சொல்லுங்கள். 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது அது. வேர்ட்பிரஸ் தானாகவே போட்டுவிடும்.

உண்மையில் உங்களுக்குப் பெரிய விஷயம் புது அமைப்பு எது என்பதல்ல. பழைய அறுநூறு முகவரியை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான். பதினைந்து வருடமாக யார் யாரோ தங்கள் பதிவில், முகநூலில், குழுமத்தில் உங்கள் பக்கங்களுக்குச் சுட்டி கொடுத்திருப்பார்கள். கூகுள் உங்கள் தளத்தை மதிப்பிடும்போது அவற்றையும் பார்க்கும். சென்னையில் கதவிலக்கத்தை மாற்றியபோது எத்தனையோ வீட்டு வாசலில் 'ப.எண், பு.எண்' என்று இரண்டையும் எழுதி வைத்தார்கள் பாருங்கள், தபால்காரர் வழிதவறக் கூடாதென்று. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பிவிடல்தான் அந்தப் பலகை. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே நல்ல முகவரி மாறாது என்று எழுதிவிட்டார். மாற்றாமல் இருந்தால் பலகையே வேண்டாம்.

#15 நிரல்மொழி

வழிப்போக்கன் கடைசி வரியில் சொன்னதை நான் முதலில் சொல்லியிருப்பேன். மாற்றவே மாற்றாதீர்கள்!

வேர்ட்பிரஸில் பர்மாலிங்க் அமைப்பை 'வருடம், மாதம், பெயர், கடைசியில் எச்டிஎம்எல்' என்று வைத்தால் பிளாக்கரின் முகவரி அமைப்பு அப்படியே கிடைக்கும். பழைய ஸ்லக்குகளை உள்ளபடி இறக்க முடிந்த பதிவுகளில் சுட்டி உடையாது, அவற்றுக்குத் திருப்பிவிடலும் தேவையில்லை. 'பிளாக்-போஸ்ட்_14' அசிங்கம்தான். அசிங்கமாக இருந்தும் வேலை செய்கிறதே!

#16 அம்மிக்கல்

ஆனால் தம்பி, புதிதாக எழுதுவதற்கும் அப்போது வருடம் மாதம் வந்துவிடும் அல்லவா? நான் பழைய குறிப்புகளைத் திரும்பச் செய்து பார்த்து, அளவு மாற்றி, படம் மாற்றிப் போடுகிறவள். 2012 என்று முகவரியில் பார்த்தால் பழசு என்று நினைத்து விட்டுவிட மாட்டார்களா?

#17 வடமராட்சி

செய்திக்குத் தேதி பலம், சமையலுக்குத் தேதி பாரம். முகவரியிலே வருடம் இருப்பதைப் பார்த்து 'இது பழைய கதை' என்று எங்கள் வாசகர்களே தெரிந்துகொள்வார்கள், அது எங்களுக்கு உதவி. மிளகு ரசத்துக்கு எதற்கு வருடம்?

#18 நிரல்மொழி

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் திருப்பிவிடல்தான் வழி. ஒழுங்காகச் செய்யுங்கள். பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு இறக்கும் கருவி ஒவ்வொரு பதிவோடும் அதன் பழைய பாதையைத் தனிப்புலத்தில் எழுதி வைத்திருக்கும். அதை வைத்துப் பழையது, புதியது என்று இரண்டு நெடுவரிசையில் ஒரு பட்டியல் எடுத்துவிடலாம். அறுநூறையும் கையால் தேட வேண்டாம்.

இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று, சோம்பேறித்தனமாக எல்லாப் பழைய முகவரியையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். கூகுள் அதைக் கிட்டத்தட்ட 404 போலத்தான் நடத்தும், வாசகருக்கும் எரிச்சல். அதிரசம் கேட்டவருக்கு அதிரசம்தான் வரவேண்டும். இரண்டு, சங்கிலி வேண்டாம். பழையது ஒரு முகவரிக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு என்று தாவவிடாதீர்கள். பக்கங்களைத் தேடிவரும் கூகுளின் நிரல் பத்துத் தாவல் வரை போகும், ஆனால் கிராமத்து இணைப்பில் ஒவ்வொரு தாவலும் வாசகரைக் காக்க வைக்கும். பழையதிலிருந்து கடைசி முகவரிக்கு ஒரே தாவல்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று அடுத்து கேட்பீர்கள். குறைந்தது ஒரு வருடம், முடிந்தவரை அதிகம் என்பது கூகுளின் பேச்சு. வாசகருக்காகப் பார்த்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். பட்டியல் சாப்பாடா கேட்கிறது?

#19 கோபுரவாசல்

பிளாக்கர் முதலில் தந்த பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே கொடுத்த பழைய சுட்டிகளை மறந்துவிடாதீர்கள் அம்மா. 2012இலிருந்து சில வருடம் இந்தியாவில் திறந்தவர்களுக்கெல்லாம் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று மாறி வந்தது நினைவிருக்கும். பலர் அதைத்தான் நகலெடுத்துப் பரப்பினார்கள். 2020இல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அதில் இருந்த சுட்டிகளுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தவர் டொமைனில் குடியிருப்பதன் விலை அது. டாட் காம் சுட்டிகள் தேடிக் கிடைத்தால், கொடுத்தவர்களிடமே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் பலர் மாற்றித் தந்தார்கள்.

#20 நெல்லைக்காரன்

வகை பற்றி யாரும் பேசவில்லையே? /அசைவம்/கோழி/வறுவல் என்று வைத்தால் நல்லா ஒழுங்காத்தானே இருக்கும்?

#21 வழிப்போக்கன்

ஒழுங்காக இருக்கும், நாளை வகையை மாற்றும்வரை. முட்டைக் குழம்பை எதில் போடுவீர்கள்? இதே கேள்விக்கு ஒரு சமையல் தளத்தில் இருநூறு பின்னூட்டம் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்று அசைவத்தில் போட்டு, நாளை 'முட்டை' என்று தனி வகை திறந்தால் அந்த முகவரிகள் அத்தனையும் மாறும். ஒரு பதிவு இரண்டு வகையில் இருந்தால் எது முகவரியில் வரும் என்ற குழப்பம் வேறு. வகையைப் பக்கத்தின் தலையில் வழித்தடமாகக் காட்டுங்கள், முகவரியில் வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் பொருள் விற்கும் கடை, பல துறை கொண்ட பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு அடுக்கு வேண்டும். ஏனென்றால் அங்கே பிரிவுகள் எளிதில் மாறுவதில்லை, பிரிவு வாரியாக வருகைக் கணக்குப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஒருவர் நடத்தும் சமையல் தளத்துக்குத் தட்டையான முகவரி போதும்.

#22 தட்டச்சன்

அக்கா என்ன முடிவு எடுத்தீர்கள்? சித்தி சொன்னதோடு தமிழின் கதை முடிந்ததா?

#23 அம்மிக்கல்

முடிவெடுத்துவிட்டேன் தம்பி, கோபிக்காதீர்கள். முகவரி ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லுக்குள், தேதியும் வகையும் இல்லாமல். கோழி வறுவலுக்கு ஊர்ப்பெயர் வேண்டியிருந்தால் மட்டும் ஊர்ப்பெயர். பதிவின் தலைப்பு, படத்தின் விளக்கம், உள்ளே எல்லாம் தமிழ்தான். வாட்ஸப்பில் முன்னோட்டமாக வருவது அந்தத் தமிழ்த் தலைப்புதான் என்பதால் மனம் ஆறுதல்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பக்க அட்டவணை போட்டுச் சமையலறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன். ழகரத்துக்கு எப்போதும் இசட்-எச். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதில்லை. குழம்புக்கு ஒரே எழுத்துதான், பேச்சு வழக்கில் எழுதுவதில்லை. தேடுகிறவர் வேறு விதமாக எழுதினால் கூகுள் பார்த்துக்கொள்ளட்டும்.

பழையவற்றில் எல்லாவற்றுக்கும் புது முகவரி கொடுத்து 301 போடச் சொல்லிவிட்டேன். பட்டியலைத் தம்பி எடுத்துவிட்டார்.

#24 தட்டச்சன்

கோபமெல்லாம் இல்லை. ஆனால் எல்லோரும் இப்படியே முடிவெடுத்தால் செயலிகள் ஒருநாளும் தமிழ்ச் சுட்டியைச் சரியாகக் காட்டப் பழகாது. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே மேற்களப் பெயர் வந்து இத்தனை வருடமாகியும் அதிகம் பேர் வாங்காமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என் தளத்தில் தமிழிலேயே தொடர்வேன், சுருக்கமாக.

#25 வடமராட்சி

நீங்கள் தொடருங்கோ. உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் கணினிக்காரர்கள், அவர்கள் % குறியைப் பார்த்து ஓடமாட்டார்கள். அம்மிக்கல்லின் சித்தி வேறு ஆள்.

#26 அம்மிக்கல்

மாற்றிவிட்டோம்! ஆனால் ஒரு சிக்கல். கணினியில் பழைய சுட்டிகள் எல்லாம் சரியாகத் திரும்புகின்றன. கைபேசியிலிருந்து பல வருடம் முன்பு பகிர்ந்தவை மட்டும் 404 காட்டுகின்றன. ஒரே பதிவுதான், ஒன்று திறக்கிறது, ஒன்று திறக்கவில்லை.

#27 நிரல்மொழி

அந்தச் சுட்டிகளின் கடைசியில் கேள்விக்குறி, 'எம்', சமக்குறி, 1 இருக்கிறதா பாருங்கள். கைபேசியில் திறந்தால் பிளாக்கர் அதை ஒட்டிவிடும். உங்கள் தம்பி முழு முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டும் திருப்பும்படி விதி எழுதியிருப்பார். கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மாற்றச் சொல்லுங்கள். முகநூல் ஒட்டிவிடும் நீள வாலும் அதிலேயே சரியாகிவிடும்.

#28 அம்மிக்கல்

அதேதான் தம்பி. இப்போது எல்லாம் திறக்கிறது. பழைய 'லேபிள்' (வகை) பக்கங்களும் ஓடைமுகவரியும் (புதுப் பதிவுகளைப் படிப்பான் செயலிகளுக்குக் கொடுக்கும் முகவரி) மீதி இருக்கின்றன. அவற்றையும் திருப்ப வேண்டுமா?

#29 நிரல்மொழி

ஓடையைக் கட்டாயம் திருப்புங்கள். ஓடை வழியாகப் படிக்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் அவர்களுக்கு நீங்கள் வீடு மாறியதே தெரியாது, 'அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார்' என்று நினைத்துக்கொள்வார்கள். லேபிள் பக்கங்கள் 'சர்ச்' என்ற பாதைக்குள் இருப்பவை. பிளாக்கர் அந்தப் பாதையை ரோபோ கோப்பில் (தேடுபொறி எங்கே போகலாம் என்று சொல்லும் கோப்பு) இயல்பாகவே தடுத்துத்தான் வைத்திருக்கும், அதனால் கூகுளுக்கு இழப்பு ஒன்றுமில்லை. நீங்கள் உங்கள் பதிவுகளுக்குள்ளேயே அவற்றுக்குச் சுட்டி கொடுத்திருந்தால் மட்டும், அதிகம் சொடுக்கப்படும் பத்துப் பன்னிரண்டு லேபிளைப் புதிய வகைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். அந்த லேபிள்கள் தமிழில் இருக்கும் என்பதால் விதி எழுதும்போது % வடிவத்தில் எழுத வேண்டியிருக்கலாம், தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.